கீஷ் தீவுக்கு ஒரு டிஷ் வாங்கச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலான் மஸ்கின் ஸ்டார்லிங்க் பற்றி, அதாவது மாடியில் ஒரு டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணையம் பெறுவது பற்றி, ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் மட்டும், "இனி எந்த அரசாலும் இணையத்தை அணைக்க முடியாது, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் ஒரு டிஷ் வாங்கி வைத்துக்கொண்டால் கவலையே இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் ஈரானில் கீஷ் தீவில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்க்கிறான். மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று குமரி வரைக்கும் எங்கள் கடற்கரையில் தெருவுக்கு இரண்டு பேராவது அந்தப் பக்கம் போனவர்கள் உண்டு. 2020 கொரோனாவில் அங்கே மாட்டிக்கொண்டவர்களில் 687 பேரைக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றி ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊரைப் பார்த்த கொஞ்ச நாளில் பலபேர் மறுபடி கிளம்பிவிட்டார்கள். கடன் இருக்கிறதே, என்ன செய்ய?

"மாமா, இதுல ஒண்ணு வாங்கி வச்சிக்கிடச் சொல்லட்டுமா? நகையக் கொஞ்சம் அடகு வச்சா வாங்கிரலாம்" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் 2026 ஜனவரி. ரியாலின் மதிப்பு விழுந்ததில் டிசம்பர் கடைசியில் தெஹ்ரான் கடைவீதியில் ஆரம்பித்த போராட்டம் நாடு முழுக்கப் பரவி, ஜனவரி 8 வியாழக்கிழமை இரவு ஈரான் அரசு மொத்த இணையத்தையும் அணைத்தது. வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பும் சேர்ந்து போயிற்று. அன்றிலிருந்து அவள் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தபோதும் முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். திங்கட்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு, அவளுக்குத் தெரியாத ஒரு நம்பரிலிருந்து தங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. நல்லா இருக்கேன், கடலுக்குப் போகல, போன் வராது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதே நம்பரிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்தது. முதல் தடவை "ஹலோ" என்று பாதி கேட்டது. அடுத்த இரண்டிலும் ஒன்றுமே கேட்கவில்லை.

யாரோ ஒருவரின் மாடியில் இருந்த டிஷ் வழியாக வந்த செய்தி அது. யார் என்று அவன் சொல்லவில்லை. கேட்காதே என்று நானும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

எழுத்து வந்தது, குரல் ஏன் வரவில்லை என்று அன்றைக்கே அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த சமாச்சாரம் அது. 1979-ல் ரேடியோ ஆபீசராகக் கப்பல் ஏறியவன் நான். கப்பலில் எங்களை 'மார்க்கோனி சாப்' என்பார்கள். 1999 பிப்ரவரியில் கப்பல்களில் மோர்ஸ் தந்திக்கு விடை கொடுத்தபோது எங்கள் உத்தியோகமும் கூடவே போயிற்று. அப்புறம் எலெக்ட்ரிகல் பக்கம் மாறி, 2015-ல் கரை இறங்கினேன்.

1984-ல் ஒரு மாரிக்காலம், அப்போது சோவியத் நாட்டில் இருந்த ஒடெஸா துறைமுகத்தில் மூன்று வாரம் கட்டிக் கிடந்தோம். கரை சேர்ந்ததும் அதிகாரிகள் வந்து ரேடியோ அறைக்கு ஈய முத்திரை வைத்துவிட்டார்கள். அதெல்லாம் வழக்கம்தான். ஆனால் என் கேபினில் சொந்த டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. ராத்திரி சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால், பிபிசியின் ரஷ்ய ஒலிபரப்பு இருக்க வேண்டிய இடத்தில் ரைஸ் மில் ஓடுவதுபோல ஒரே இரைச்சல். அதற்குள் காதைக் கொடுத்துக் கேட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மோர்ஸில் இரண்டு எழுத்து வரும். முதலில் ஏதோ கப்பல் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மக்கள் கேட்டுவிடாதபடி அரசே இரைச்சல் பரப்பும் நிலையத்தின் அடையாள எழுத்து அது. எந்த நிலையம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கண்காணிப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா! இரைச்சலுக்கே பெயர்ப்பலகை மாட்டி வைத்திருந்தார்கள்.

கப்பல் கிளம்பி ஐம்பது மைல் தாண்டியதும் அதே அலைவரிசையில் குரல் புரிகிற அளவுக்கு வந்தது. காரணம் இதுதான். ஊருக்குள் நிற்கிற இரைச்சல் கோபுரம் அந்த ஊரைத்தான் மூடும். அங்கே வின்ச் ஓட்டிய உள்ளூர்க்காரர் ஒருவர், சனி ஞாயிறு நகரத்துக்கு வெளியே தோட்ட வீட்டுக்குப் போய்த்தான் வெளிநாட்டு ரேடியோ கேட்பதாகச் சைகையிலேயே சொன்னார். நாம் மொட்டை மாடியில் உட்கார்ந்து தமிழோசை கேட்ட அதே சிற்றலைதான், அவருக்கு மட்டும் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. பிபிசி மீதான அந்த இரைச்சல் 1987-ல்தான் நின்றது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஈரானும் இந்தக் கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை நடத்திப் பார்த்திருக்கிறது. 1990-களின் நடுவிலேயே அங்கே வீட்டு மாடியில் டிவி டிஷ் வைக்கத் தடை. ஆனாலும் மாடிக்கு மாடி டிஷ் இருந்தது. 2009 தேர்தல் கலவரத்துக்குப் பிறகு பிபிசி பாரசீகம் போன்ற சேனல்களைச் சுமந்த ஹாட்பேர்ட் செயற்கைக்கோளை நோக்கி, ஈரான் மண்ணிலிருந்தே இரைச்சலை அனுப்பினார்கள். அது பூமிக்கு 36,000 கிலோமீட்டர் மேலே ஒரே இடத்தில் நிற்கிற ரகம். கீழேயிருந்து ஒரு பெரிய டிஷ்ஷைத் திருப்பினால் போதும், குறி தப்பாது. ஆனால் அதில் ஐரோப்பாவில் டிவி பார்ப்பவனுக்கும் படம் போய்விடும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வரை புகார் போனது. 2010 மார்ச்சில் ஒன்றியம் ஈரானை நிறுத்தச் சொன்னது. மேலே அனுப்பினால் உலகமே திட்டுகிறது, ஊருக்குள் அனுப்பினால் கேட்க ஆளில்லை. நகரங்களுக்குள் உயரமான இடங்களில் வைத்து வீட்டு டிஷ்ஷை நோக்கியே இரைச்சல் விட்டார்கள். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பாராசீத்'. தலைவலி வந்தால்கூட பாராசீத்தின் மேல் பழி போடுவார்களாம். கூடவே ஆளை அனுப்பி மாடி மாடியாக ஏறிப் பிடுங்குவதும் நடந்தது. 2016 ஜூலையில் ஒரு லட்சம் டிஷ்களைக் குவித்து, வண்டி ஏற்றி நசுக்கி, அதை ஒரு விழாவாகவே கொண்டாடினார்கள்.

அதே சமயம் அங்கே வந்த ஒரு சாமர்த்தியத்தை உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெயர் 'தூஷே'. பாரசீகத்தில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு என்று அர்த்தம், நம்ம கட்டுச்சோறு. செய்முறை இப்படி: சாதாரண டிவி செட்டாப் பெட்டியில் ஒரு பென் டிரைவைச் செருகி, குறிப்பிட்ட ஒரு சேனலைப் பதிவு செய்ய வேண்டும். திரையில் நிகழ்ச்சி எதுவும் ஓடாது. ஒரு மணி நேரம் பதிவானதைக் கணினியில் போட்டுப் பிரித்தால் உள்ளே செய்தி, வீடியோ, பாடம் என்று சுமார் ஒரு ஜிபி இருக்கும். இணைய இணைப்பு வேண்டாம். வீட்டிலிருந்து வெளியே எந்த அலையும் போவதில்லை, ஆகவே அலையைத் தேடி வருகிறவனுக்கு எதுவும் அகப்படாது. குறை என்னவென்றால் நாம் ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப முடியாது. கீஷில் இருப்பவன் பெண்டாட்டிக்கு "நல்லா இருக்கேன்" சொல்ல அது உதவாது.

இப்போது ஸ்டார்லிங்க் விஷயத்துக்கு வருகிறேன். அதை மறிப்பது சுலபமில்லை என்று கட்டுரை சொன்னது உண்மைதான். அந்தச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும், அதற்குள் டிஷ் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாகக் குறி வைத்து இரைச்சல் அனுப்ப யாரால் முடியும்? அதனால் மறிக்க வேண்டுமானால் கீழே, டிஷ்ஷுக்குப் பக்கத்தில் வந்துதான் மறிக்க வேண்டும். டிஷ்ஷோ ஒரு குழாய் வழியே பார்க்கிற மாதிரி வானத்தின் ஒரு துண்டை மட்டும் பார்க்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் இரைச்சலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 2022-ல் உக்ரைனில் ரஷ்யா சில இடங்களில் மறித்தபோது நிறுவனம் மென்பொருளை மாற்றி உடனே தப்பித்துக்கொண்டதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளே மெச்சிப் பேசினார்கள்.

கட்டுரையாளர் இதோடு நிறுத்திவிட்டார். ஆனால் டிஷ்ஷுக்குள் இன்னொரு சின்ன ஏரியல் இருக்கிறது, ஜிபிஎஸ். நான் எங்கே இருக்கிறேன், மணி என்ன என்று தெரிந்தால்தான் எந்தச் செயற்கைக்கோள் எந்தப் பக்கம் வரும் என்று டிஷ்ஷுக்குக் கணக்குப் போட முடியும். ஜிபிஎஸ் சமிக்ஞை 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சில பல்புகளுக்கான மின்சக்தியில் வருவது. தரைக்கு வரும்போது அது சத்தமே இல்லாத ஒரு முணுமுணுப்பு. அதைக் கேட்கிற ஏரியலும் முட்டைக் கண்ணை விரித்து நாலு பக்கமும் பார்க்கிற ரகம். பக்கத்துத் தெருவில் ஒருவன் சின்னக் கருவியை வைத்துக் கத்தினாலே அது குழம்பிவிடும். 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் போரின்போது ஹோர்முஸ் ஜலசந்திப் பக்கம் போன கப்பல்களின் ஜிபிஎஸ் அவற்றைத் தரைக்கு மேல் காட்டியது ஞாபகமிருக்கும். ஜனவரியிலும் ஈரானில் டிஷ்களுக்கு விழுந்த முதல் அடி ஜிபிஎஸ் வழியாகத்தான் என்று கவனித்தவர்கள் சொன்னார்கள். இணையத்தில் எதுவும் சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் போகும்; அனுப்பிய அந்தத் துணுக்குகளில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே தொலைந்தன, சில இடங்களில் 80 சதவீதம் வரை. ஈரான் இணையத்தைப் பல ஆண்டாகக் கண்காணிக்கும் மியான் அமைப்பின் அமீர் ரஷிதி சொன்ன கணக்கு இது.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. பத்தில் மூன்று தொலைந்தால் எழுத்துச் செய்திக்கு ஒன்றும் ஆகாது. போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் கருவி அதையே திரும்பத் திரும்ப அனுப்பும், ஒரு நிமிடம் தாமதமானாலும் முழுசாக வந்துவிடும். பேச்சு அப்படிக் காத்திருக்க முடியாது. அந்தக் கணத்தில் வராத துணுக்கு வராததுதான். "ஹலோ"வில் பாதி போய்விடும். கப்பலில் நாங்களும் இதைத்தான் பார்த்தோம். வங்கக்கடலில் இடி மின்னல் நேரத்தில் கேப்டன் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் சென்னைக்குக் கேட்காது. தந்திச் சாவியை எடுத்து மெதுவாக மோர்ஸ் அடித்தால் போய்விடும்.

மறிப்பை மீறும் வழிகளும் அங்கே வாய்மொழியாகப் பரவியிருக்கின்றன. ஸ்டார்லிங்க் செயலியிலேயே உள்ளே ஓரிடத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பாதே, உன் செயற்கைக்கோளை வைத்தே இடத்தைக் கண்டுபிடி என்று சொல்கிற ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். உக்ரைன் போர்முனையில் டிஷ்ஷைக் குழி வெட்டி அதற்குள் வைத்தார்கள். வானம் தெரியும், தரையோடு வரும் இரைச்சலை மண் தடுக்கும், பார்க்கிறவன் கண்ணிலும் படாது. மாடியில் என்றால் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அதே வேலையைச் செய்யும். துணியோ பிளாஸ்டிக் தார்ப்பாயோ போட்டு மூடினால் அலைக்குப் பெரிய தடையில்லை, தகரம் போட்டால் போச்சு. ஒரு டிஷ்ஷிலிருந்து வைஃபையில் நாலு வீடு பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்படி ஒரு டிஷ்ஷின் தயவில்தான் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குச் செய்தி வந்தது.

ஆகவே வாங்கச் சொல்லலாமா என்றால், கூடாது என்றுதான் அவளிடம் சொன்னேன். அதற்குக் காரணம் இரைச்சல் அல்ல. தூஷே போல அந்த டிஷ் வாயை மூடிக்கொண்டு கேட்பதில்லை, பேசுகிறது. பேசுகிற எதையும் கண்டுபிடிக்கலாம். என் காலத்திலேயே இரண்டு இடத்திலிருந்து ஏரியலைத் திருப்பிக் கோடு போட்டால் மூன்றாவது கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் பத்திரிகையாளர் மேரி கால்வின் குண்டுவீச்சில் இறந்த வழக்கில், அவர்களின் செயற்கைக்கோள் தொடர்பை ஒட்டுக்கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. 2019-ல் சிரிய அரசே பொறுப்பு என்று தீர்ப்பும் வந்தது. ஈரானில் அவ்வளவு வித்தைகூட வேண்டாம். பெட்டியை வாங்கி அப்படியே போட்டால் அதன் வைஃபை பெயரே 'ஸ்டார்லிங்க்' என்றுதான் தெருவில் போகிறவன் போனில் காட்டும்!

2025 ஜூன் போரையொட்டி அங்கே நாடாளுமன்றத்தில் போட்ட உளவுக்கு எதிரான சட்டத்தில் இதையும் சேர்த்தார்கள். அனுமதியில்லாத இந்தக் கருவியை வைத்திருந்தாலோ விற்றாலோ சிறை. எதிரி நாட்டுக்கு உளவு என்று ஒட்டிவிட்டால் மரணம் வரை போகலாம். உள்ளூர்க்காரனுக்காவது கேட்க ஆளிருக்கும். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு லாஞ்சில் படுத்துத் தூங்குகிற மணப்பாட்டுப் பையனுக்கு யார் வருவார்கள்? தூதரகத்திலிருந்து ஆள் வந்து சேர எத்தனை நாள்? அதையும் தாண்டி, சரி இங்கே வரும்போது கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தால் இங்கேயும் சிக்கல். அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் என்கிற செயற்கைக்கோள் போன்களைக் கொண்டுவந்து நம் விமான நிலையங்களில் மாட்டியவர்கள் பலர்.

இன்னொன்று. அரசால் அணைக்க முடியாது என்று வைத்துக்கொண்டாலும் நிறுவனத்தால் முடியும். 2025 அக்டோபரில் மியான்மரில் மோசடிக் கும்பல்கள் இருந்த இடங்களில் 2,500-க்கு மேற்பட்ட டிஷ்களை அவர்களே அணைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எந்த டிஷ் எங்கே இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரியும், ஒரு சொடுக்கில் நிறுத்தவும் முடியும் என்பது அதில் தெரிந்துபோயிற்று. தங்கள் அனுமதியில்லாமல் தங்கள் நாட்டுக்குள் ஓடுகிறவற்றை நிறுத்தச் சொல்லி ஈரானும் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வழக்காடியது. 2024 மார்ச்சில் அந்த வாதம் ஈரானுக்குச் சாதகமாகவே போனது. அதன் பிறகும் நிறுவனம் அணைக்கவில்லை, 2026 ஜனவரியில் அங்குள்ளவர்களுக்குக் கட்டணமே வேண்டாம் என்றுகூடச் செய்தது. நாளைக்கு என்ன என்று அந்த முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

அப்ப நாங்க என்னதான் செய்ய என்று கேட்டாள். நகையை அடகு வைக்காதே என்றேன். இணையம் இருக்கிறபோதே இரண்டு பேரும் பேசி நேரம் குறித்துக்கொள்ளச் சொன்னேன். நாங்கள் கப்பலில் அப்படித்தான் செய்வோம், இத்தனை மணிக்கு இந்த அலைவரிசையில் வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டால் நடுவில் யாரும் பதறுவதில்லை. மறுபடி இருட்டானால் எந்த நம்பருக்கு எந்த வழியில் செய்தி வந்தாலும் ஒரே சொல் போதும் என்றும், குரல் பதிவு, போட்டோ எதற்கும் முயற்சி செய்ய வேண்டாம், அடுத்தவன் டிஷ்ஷில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவளே ஒரு சொல் தேர்ந்தெடுத்தாள். மகளின் செல்லப்பெயர். அதை இங்கே எழுத மாட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்ட வேண்டுமானால் ஒடெஸாவை வெட்டிக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். உங்கள் கட்டுரையின் அந்தப் பக்கம் எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நேற்று அதன் முன்னால் நின்று இரண்டு இளவட்டங்கள் துபாயில் என்ன விலை, பந்தர் அப்பாஸுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில் கண்ணில் படுகிற மாதிரி போட்டால், டீக்கடைக்காரரிடம் பசை வாங்கி நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோ ஆபீசர்,
மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்.